தயிர்ப்பச்சடியின் வெள்ளை

சிங்காநல்லூர்
6.6.1999

அன்பு மச்சான் கையூமுக்கு,

நலம். தம்மாம் வெயிலில் காய்ந்து கருவாடாகாமல் நீயும் நலமாக இருக்க வேண்டும். நான் போன கடிதத்தைவிட இரண்டு கிலோ கூடுதல் நலம்.

பெரிய சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இனிமேல் கல்யாண வீடியோவை இரண்டு டெக்கையும் நாலு ஒயரையும் வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டியதில்லை. எதிர்க்கடை அரங்கசாமி தீபாவளிக்கே வாங்கி, மணப்பெண்ணைத் தாமரைப்பூவுக்குள்ளிருந்து எழுப்ப ஆரம்பித்துவிட்டான். போன வாரம் எழுப்பிய பெண் எண்பது கிலோ இருக்கும். நான் பூவுக்காக வருத்தப்பட்டேன்.

இந்த இயந்திரத்தில் எனக்குப் பிடித்தது தாமரை இல்லை, நிறம். படத்தின் மேல் நிறம் திருத்தும் அடுக்கு ஒன்றைப் போடலாம். அதன்மேல் இன்னொன்று, அதற்கும்மேல் இன்னொன்று. எதை முதலில் போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் சாயம் எடுத்து, பிறகு வெளிச்சம் ஏற்றினால் மனிதன். வெளிச்சம் ஏற்றிவிட்டுச் சாயம் எடுத்தால் கத்தரிக்காய். வெள்ளலூர் மாப்பிள்ளை ஒருத்தரை அப்படிக் கத்தரிக்காயாக்கி, அவருடைய மாமனாரிடம் திட்டும் வாங்கியாகிவிட்டது. "ஏனுங்க, எங்க மாப்பளைக்கு என்னுங்க சீக்கு?" என்று கேட்டார் மனுஷன்.

அது கிடக்கட்டும். உன்மேல் ஒரு குறை இருக்கிறது. உன் மகள் ரம்ஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகிறது. நானும் என் வீட்டுக்காரி கோமளாவும் திருப்பூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பேர் ஹுமேரா. நீ கேட்கவில்லை என்பதால் நானே சொல்கிறேன். மூக்கு உன் மூக்கு. பாவம், பெண் குழந்தை. "அத்தா லெட்டர் எதாச்சும் போட்டாருங்களா மாமா?" என்று ரம்ஷா கேட்டாள். போட்டார், உன்னை விசாரித்திருந்தார் என்று புளுகினேன். மார்ச்சுக்கு அப்புறம் நீ ஒரு வரிகூட எழுதவில்லையாம். தாயை இழந்த பிள்ளையிடம் என்ன கோபம் உனக்கு?

பதில் எழுது. பிலிம் காட்டாமல் எழுது.

உன் கத்தரிக்காய் மச்சான்,
பங்காரு


தம்மாம்
24.6.1999

அன்பு மச்சான் பங்காருவுக்கு,

இறைவன் அருளால் உயிரோடு இருக்கிறேன். தாமரைப்பூ வரும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு. அறையிலிருந்த மலையாளத்துப் பையன்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

ரம்ஷாவைப் பற்றிக் கேட்டாய். உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை.

போன வருஷம் மே மாதம் பொள்ளாச்சியில் என் ஒரே மகள் கல்யாணம். புது வேலை, லீவு கிடையாது என்றான் அரபி முதலாளி. நீ அனுப்பிய கேசட்டில்தான் கல்யாணம் பார்த்தேன். டிசம்பரில் என் மனைவி ஜன்னத் போய்ச் சேர்ந்தாள். அதற்கும் லீவு இல்லை. ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

முன்பெல்லாம் அந்தக் கேசட்டில் மகளைப் பார்ப்பேன், மாப்பிள்ளையைப் பார்ப்பேன், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பேன். இப்போது ஜன்னத்தை மட்டும் பார்க்கிறேன். மச்சான், அவள் மஞ்சளாக இருக்கிறாள். முகம் மஞ்சள், கை மஞ்சள், கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

மஞ்சள் காமாலை நவம்பரில் திடீரென்று வந்தது, அதற்குள் ஈரல் போய்விட்டது என்று எனக்குச் சொன்னார்கள். மே மாதமே வந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்ட மகளுக்கா தெரியாது? ஆஸ்பத்திரி என்று போனால் கல்யாணம் தள்ளிப்போகும். அதனால் வாயை மூடிக்கொண்டாள். தன் கல்யாணத்துக்காக.

மார்ச்சில் இதை அவளுக்கு எழுதினேன். "எனக்கு நெசமா தெரியாதுங்க அத்தா" என்று பதில் போட்டாள். அதோடு நிறுத்திவிட்டேன்.

நீ அங்கே இருந்தவன். நீயே சொல்.

உன் மச்சான்,
கையூம்


சிங்காநல்லூர்
10.7.1999

அன்பு மச்சான்,

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் சும்மா இருந்தேன். மறுநாள் தலையில் அடித்துக்கொண்டேன். குற்றவாளி ரம்ஷா இல்லை. என் வேட்டி.

சிரிக்காதே. கேள். கேமராவுக்குச் சொந்தமாக அறிவு கிடையாது. இந்த இடத்து வெளிச்சத்தில் வெள்ளை என்றால் இதுதான் என்று, ஆரம்பிக்கும் முன் ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டிப் பாடம் சொல்ல வேண்டும். கெட்டிக்காரர்கள் வெள்ளை அட்டை கொண்டுபோவார்கள். நான் இருபது வருஷமாக என் வேட்டியைக் காட்டுகிறவன். உன் மகள் கல்யாணம் என்று கோமளா அந்த வேட்டிக்குச் சொட்டு நீலத்தைச் சொட்டாக விடாமல் பாட்டிலோடு கவிழ்த்துவிட்டாள். வாசலில் கந்தப்பன் பார்த்துவிட்டு, "என்ன பங்காரு, வானத்தக் கட்டிட்டு வந்துட்டியா?" என்றான். அந்த நீலத்தைத்தான் நான் கேமராவிடம் வெள்ளை என்று சத்தியம் செய்தேன். அது நம்பியது. நீலம் வெள்ளையானால் வெள்ளை என்னவாகும்? மஞ்சளாகும்.

கேசட்டைத் திரும்பப் போட்டுப் பார். ஜன்னத் மட்டுமா மஞ்சள்? மண்டபத்துச் சுவர் மஞ்சள். உங்கள் ஜமாத் பெரியவரின் தாடி மஞ்சள். பந்தியில் தயிர்ப்பச்சடி மஞ்சள். அப்போது நான் அதைத் 'தங்கக் கலர்' என்று பீற்றிக்கொண்டது வேறு. அதைப் பார்த்து நாலு பேர் எனக்கும் தங்கக் கலர் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார்கள் என்றால் நம் ஊர் ரசனையை நீயே புரிந்துகொள்.

பெண்கள் பக்கம் எடுத்தது கோமளா என்பது உனக்குத் தெரியும். ஆண்பிள்ளை உள்ளே போகக் கூடாது. கேமராவை நான் வெளியிலேயே சரிசெய்து, "சிவப்புப் பொத்தானத் தவிர எதையும் தொடாத" என்று அவள் கையில் கொடுத்தேன். பார்க்கிற கண்ணாடித் துவாரத்தில் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் என்ன நிறத்தில் பதிகிறது என்று அவளுக்கும் தெரிய வழியில்லை.

மூலக் கேசட் பத்திரமாக இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த மஞ்சளை அடுக்கடுக்காக உரித்து எடுத்து அனுப்புகிறேன். உன் மனைவியை உள்ளபடி பார். பார்த்துவிட்டு உன் மகளிடம் மன்னிப்புக் கேள். என் வேட்டி உன்னிடம் கேட்டுவிட்டது.

நீல வேட்டி மச்சான்,
பங்காரு


சிங்காநல்லூர்
2.8.1999

அன்பு மச்சான்,

கேசட்டைக் குனியமுத்தூர் ஆஸிம் கையில் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தம்மாம் வருகிறான்.

முதலில் எது உண்மையான வெள்ளை என்று தெரிய வேண்டியிருந்தது. பூவைப் பார்த்தேன், வாடியிருந்தது. சுவர் கண்ணுக்கே பழுப்பு. கடைசியில் பந்தித் தயிர்ப்பச்சடியைத் தேர்ந்தெடுத்தேன். தயிர் பொய் சொல்லாது. அதற்கு வெள்ளையைக் கொடுத்ததும், கல்யாணமே குளித்துவிட்டு வந்ததுபோல் ஆகிவிட்டது. அது முதல் அடுக்கு. இரண்டாவதில் வெளிச்சம். மூன்றாவதில், ரம்ஷாவின் சேலையில் நீலம் ஏறிச் செத்துப்போன சிவப்பை மீட்டேன். மூன்று அடுக்குத்தான். வேறொன்றும் செய்யவில்லை.

ஜன்னத்தின் முகம் நன்றாக இருக்கிறது. பார்த்துக்கொள்.

கடையில் வேலை அதிகம். அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

அன்புடன்,
பங்காரு


தம்மாம்
25.8.1999

அன்பு மச்சான்,

உன் கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டும். கேசட் வந்தது. பார்த்தேன். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

எத்தனை வெளுப்பு! அந்தக் கண்! கோமளா தங்கச்சி கிட்டப்போய் எடுத்திருக்கிறாளே ஒரு இடம், ஜன்னத் தலையைக் குனிந்துகொண்டிருந்து, பிறகு நிமிர்ந்து சிரிப்பாளே, அது பதினோரு நொடி வருகிறது. நான் கடிகாரம் வைத்து எண்ணினேன். அங்கே நீ பாட்டுப் போட்டிருப்பதால் என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. ஆனால் எனக்காகவே சிரித்ததுபோல் இருக்கிறது.

ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. நான் நினைத்தது தப்பு. மே மாதம் அவளுக்கு ஒரு நோயும் இல்லை.

அப்படியானால் மச்சான், கல்லுப்போல இருந்தவள் ஏழே மாதத்தில் எப்படிப் போனாள்? மகள் புருஷன் வீட்டுக்குப் போனதும் தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. திருப்பூருக்கும் பொள்ளாச்சிக்கும் எத்தனை தூரம்? இரண்டு பஸ். சோறு தின்றாளா, மருந்து குடித்தாளா என்று கேட்க நாதியில்லாமல் கிடந்திருக்கிறாள். நோயை மறைத்தாள் என்றாவது நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னப் பெண், பயந்துவிட்டாள் என்று என்றாவது ஒருநாள் மன்னித்திருப்பேன். இது அப்படியில்லை.

இனிமேல் எனக்கு மகள் இல்லை. அடுத்த மாதம் என் சகலை மூலம் அவளுக்குச் சொல்லி அனுப்பப் போகிறேன். உனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

தங்கச்சிக்கு என் சலாம் சொல். அவள் எடுத்த பதினோரு நொடிதான் என் சொத்து.

உன் மச்சான்,
கையூம்


சிங்காநல்லூர்
8.9.1999

கையூம்,

இதைப் படித்து முடிக்கும்வரை சகலைக்குப் போன் செய்யாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மூன்று அடுக்கு என்று எழுதினேன். நாலு போட்டேன்.

தயிரை வெள்ளையாக்கியதும் எல்லாருடைய கண்ணும் வெளுத்தது. ரம்ஷா கண், உன் அக்கா கண், ஓடித்திரிந்த குழந்தைகள் கண். ஜன்னத் கண் மட்டும் வெளுக்கவில்லை. முதல் அடுக்கைக் கழற்றி மறுபடி போட்டேன். வரிசையை மாற்றிப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அந்த இரண்டு கண் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அது என் வேட்டியால் வந்த மஞ்சள் இல்லை. நீ முதலில் பார்த்ததுதான் சரி.

மூலக் கேசட்டில் பாட்டு இல்லை, பேச்சு இருக்கிறது. பெண்கள் பக்கத்துப் பேச்சை நான் கேட்பது மரியாதை இல்லை என்று, அந்தப் பகுதியை எப்போதும் சத்தத்தை அமுக்கிவிட்டுத்தான் வெட்டி ஒட்டுவேன். மேலே பாட்டைப் போட்டுவிடுவேன். இருபது வருஷப் பழக்கம். நீகூட அதற்காக என்னைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். இந்த முறை, அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு, சத்தத்தைத் திறந்தேன். நீ எண்ணிய பதினோரு நொடிக்கு முன்னால் இருப்பதை, கேட்டபடி எழுதுகிறேன்.

"இந்தப் பக்கம் பாருங்க அம்மணி. ஏன் தலையத் தொங்கப் போட்டுட்டீங்க?" இது கோமளா.

"கிட்ட வராதீங்க அண்ணி. கண்ணு தெரியும்."

"கண்ணுக்கு என்ன?"

"மஞ்சளா இருக்குதுங்க. ரெண்டு வாரமாச்சு. சுருமா மை நெறைய வச்சிருக்கறேன், ஒருத்தருக்கும் தெரியல."

"அட சாமி, ரம்ஷாவுக்குத் தெரியுமா?"

"மெதுவாப் பேசுங்க அண்ணி. அதுக்குத் தெரிஞ்சா மணப்பொண்ணா உக்காராது, அழுதே தீத்துரும். அவருக்குத் தெரிஞ்சா வேலைய உட்டுப்போட்டு ஓடி வந்துருவாரு. கல்யாணம் முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன். ஆருக்கும் சொல்லக் கூடாது. அண்ணங்கிட்டக்கூட. எம்மேல சத்தியம் பண்ணுங்க."

பிறகு கோமளா சொல்கிறாள்: "சரி அம்மணி. நிமிந்து சிரிங்க. உங்க ஊட்டுக்காரரு பாக்கப் போறாரு."

அப்புறம்தான் அந்தச் சிரிப்பு. உனக்காகவே சிரித்ததுதான் கையூம். அதில் பொய் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கோமளா பின்னால் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியுமுங்க."

"டிசம்பர் வரைக்குமா?"

"ரெண்டு தடவ பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிப் போனனுங்க. கீழாநெல்லி குடிக்கறேன், தேவலைன்னுச்சு. ஆகஸ்டுல ரம்ஷா முழுகாம இருக்குதுன்னு தெரிஞ்சுது. இப்பச் சொன்னா புள்ளைக்கு ஆகாதுங்க அண்ணி, கொழந்த பொறக்கட்டும்னு திருப்பிச் சத்தியம் வாங்கிக்கிச்சு. நவம்பர்ல வவுறு வீங்கிப்போச்சு. அதுக்கு மேல மறைக்க முடியல."

ரம்ஷாவுக்கு நவம்பரில்தான் தெரியும். அவள் சொன்னது நிஜம். வயிற்றுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரித் தரையில் முப்பது நாள் படுத்திருந்தாள். எப்போது தெரியும் என்று நீ கேட்ட கேள்விக்குப் பதில் அவளிடம் இல்லை, என் வீட்டில் இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இதையெல்லாம் கேட்டுவிட்டு எழுந்து டீ குடித்தேன். பிறகு உட்கார்ந்து நாலாவது அடுக்கைப் போட்டேன். அது ஜன்னத்தின் கண்ணுக்கு மட்டும். நொடிக்கு இருபத்தைந்து படம். பதினோரு நொடிக்கும் ஒவ்வொரு படமாக, கண்ணைச் சுற்றிக் கோடு வரைந்து மஞ்சளைத் துடைத்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. மாறாத இடங்களை வெட்டி எறிந்தேன். நீ மகளோடு சேர்ந்துகொள்வாய் என்றுதான் செய்தேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மறுபாதி, கோமளாவுக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியக்கூடாது என்பது. நான் வெளுத்த கண்ணை வைத்து நீ ரம்ஷாவுக்கு இன்னும் பெரிய குற்றம் எழுதுவாய் என்று நினைக்கவில்லை. சொன்னேனே, வரிசை மாறினால் எல்லாம் கெட்டுப்போகும் என்று. உண்மையை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதன்மேல் வேறு எதை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

கோமளா எழுதச் சொன்னது: "அண்ணா, சத்தியத்தக் காப்பாத்துனேன், ஜன்னத்தக் காப்பாத்தல. உங்களுக்கு ஒரு லெட்டரு போட்டிருக்கோணும்." நான் இதில் திருத்த எதுவும் இல்லை.

எங்கள்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. ரம்ஷாவை விட்டுவிடு.

பங்காரு


சிங்காநல்லூர்
20.12.1999

கையூம்,

பதில் வரவில்லை. நானும் எதிர்பார்த்தேன் என்று சொல்லமாட்டேன், தபால்காரரிடம் மட்டும் தினமும் கேட்டேன். அவர் இப்போது என்னைக் கண்டால் சைக்கிளைத் தெரு மாற்றி ஓட்டுகிறார்.

நீ ஊருக்கு வந்தது தெரியும். பதினோராம் தேதி சனிக்கிழமை, திருப்பூர் போகச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நின்றாய். இரண்டு சூட்கேஸ், கையில் ரோஜா நிறத்தில் ஒரு குட்டிக் கவுன். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அங்கிருந்து என் கடைக்கு ரோட்டைத் தாண்டினால் போதும். இருபது நிமிஷம் நின்றாய், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"போய்க் கூப்புடுங்க" என்றாள் கோமளா. நான் படியில் ஒரு காலை வைத்தேன். "வேண்டாம், பஸ் வந்துரும். மொதல்ல அவரு பேத்தியப் பாக்கட்டும்" என்றாள் அவளே. காலை எடுத்துவிட்டேன். அன்றைக்கென்று பஸ்ஸும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது.

நேற்று ரம்ஷா வந்திருந்தாள். நீ அவளைக் கட்டிக்கொண்டு அழுததையும், ஹுமேரா உன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடாததையும் சொன்னாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

நீ சொல்லி அனுப்பியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அடுக்கு ஒண்ணும் போடாத கேசட்டு வேணும்னாருங்க மாமா. பேச்சோட." வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா குனிவது மாதிரியே இருந்தது.

மூலக் கேசட்டையே கொடுத்துவிட்டேன். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்துவிட்டேன், நாலு அடுக்கையும் சேர்த்து. இனிமேல் ஜன்னத் சிரிப்பது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. மஞ்சளாகத்தான் இருப்பாள். முதல் முப்பது நொடி என் வேட்டி வரும், அதைத் தள்ளிவிட்டுப் பார்.

கடையில் வெள்ளை அட்டை ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். அரங்கசாமி பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பதில் எழுத வேண்டாம். வீடு மாற்றினால் மட்டும் புது முகவரியை ரம்ஷாவிடம் சொல்லி வை.

பங்காரு